பதினான்காம் பந்து

பரானா நதிக்கரையில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில், நவீன ஐரோப்பிய மொழிகள் துறையில், சுனில்தா அல்காரஸ் ஆறு வருடம் மாலை வகுப்பில் ஜெர்மன் படித்தாள். அந்த ஆறு வருடத்தில் ஒருவர்கூட அவளிடம் ஜெர்மனில் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டதில்லை.

இதை அவள் குறையாகச் சொன்னதில்லை. துறையின் நடைமுறை அப்படி. ஜெர்மனைப் பற்றிய வகுப்புகள் ஸ்பானிஷில் நடந்தன. ஜெர்மனைப் பற்றிய புத்தகங்கள் ஸ்பானிஷில் இருந்தன. வாய்மொழித் தேர்வும் ஸ்பானிஷில்தான் நடக்க வேண்டும் என்று ஓர் ஆணையே இருந்தது. மாணவருக்கு விஷயம் தெரிகிறதா என்று பார்க்கும்போது மொழி குறுக்கே வந்து குழப்பக் கூடாது என்பது அந்த ஆணை சொன்ன காரணம்.

பகலில் சுனில்தா ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். கடைக்குப் போகும் பஸ்ஸில் காதில் ஜெர்மன் வானொலியைச் செருகிக்கொண்டு, செய்தி வாசிப்பவர் மூச்சு விடும் இடைவெளியில் தானும் முணுமுணுப்பாள். ஒரு முறை பக்கத்தில் இருந்த அம்மாள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வேறு இருக்கைக்குப் போனாள். தான் பேசுவது ஜெர்மன்தானா, ஜெர்மன் மாதிரி ஒலிக்கும் வேறு ஏதாவதா என்று சுனில்தாவுக்கு நிச்சயமில்லை. கேட்டுச் சொல்ல ஆளில்லை.

இன்று பிப்ரவரித் தேர்வுச் சுற்றின் கடைசி நாள். அவளுக்கு மீதி இருந்தது ஒரே ஒரு தேர்வு, 'ஜெர்மன் நான்கு'. அவள் சேர்ந்த பழைய பாடத்திட்டம் இன்றோடு காலாவதி. இன்றைக்குள் தேறாவிட்டால், புதிய திட்டத்தில் முதல் வருடத்திலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். தேறினால், திங்கட்கிழமை மிசியோனெஸ் மாகாணத்தில், ஜெர்மன்காரர்கள் குடியேறிய ஒரு காட்டோர ஊரில் அவளுக்கு ஆசிரியை வேலை. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை காலையிலேயே குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "பொண்ணே, திங்கட்கிழமை பட்டத்தோட வந்துடு. வரலேன்னா, பட்டியல்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவேன். எனக்கு வேற வழியில்ல."

தேர்வு சியெஸ்தா நேரத்தில், ஊர் மதியத் தூக்கம் போடும் நேரத்தில், என்று போட்டிருந்தார்கள். சியெஸ்தா முடிந்து, வெயில் நடைபாதையின் பாதிக்கு வந்தும் கதவு திறக்கவில்லை. நடைபாதையில் இரண்டே பேர். ஒருத்தி சுனில்தா. இன்னொருவன் ஃபவுஸ்தோ, காவல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே அவளோடு மாலை வகுப்பில் படித்தவன். ஐஸ் போட்ட தெரெரே மூலிகைத் தேநீர்க் குவளையை அவளிடம் நீட்டினான்.

"குடி. மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்கு."

"வேண்டாம். வயிறு சரியில்ல."

"எதுக்குப் பயப்படற? பன்னெண்டு பாடம். நான் பன்னெண்டையும் மனப்பாடம் பண்ணிட்டேன். ராத்திரி ரோந்துல வண்டி ஓட்டிக்கிட்டே சொல்லிப் பாப்பேன். என்கூட வர்ற கான்ஸ்டபிளுக்கே இப்ப நாலாம் பாடம் தெரியும்."

"ஃபவுஸ்தோ, ஜெர்மன்ல ஒரு வாக்கியம் சொல்லேன்."

அவன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். "எதுக்கு? அதெல்லாம் கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

"அப்புறம் ஏன் தேர்வன்னிக்கு என்னைக் கலக்குற?"

கதவு திறந்து, எல்லாரும் மரியாதையாகத் தொன்யா என்று கூப்பிடும் எர்மெலிந்தா வெளியே வந்தாள். தேர்வு மேசைகளைக் கூட்டுவதும் கலைப்பதும் அவள் வேலை. அந்தத் துறையில் தேர்வாளர் குழுவை 'மேசை' என்றுதான் சொல்வார்கள். ஒரு மேசைக்கு மூன்று பேர். மூன்று கையெழுத்து இல்லாத மதிப்பெண், செல்லாத மதிப்பெண்.

"மேசை இன்னும் கூடல," என்றாள் எர்மெலிந்தா. "ரெண்டு பேர்தான் இருக்காங்க."

"மூணாவது ஆள் யாரு, தொன்யா?" என்றாள் சுனில்தா.

"வழக்கமா வர்றவரு ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"போனப்ப நான் கர்ப்பமா இருந்தேன். பையனுக்கு இப்ப மீசை முளைச்சிருச்சு." அவள் நடைபாதையின் இரு பக்கமும் பார்த்தாள். கழிப்பறைக் கதவைத் திறந்துகொண்டு, கையை உதறியபடி ஒரு மனிதர் வந்தார். வைக்கோல் தொப்பி, சேறு காய்ந்த பூட்ஸ். எர்மெலிந்தாவின் கண் அவர்மேல் நின்றது. "நீங்க பேராசிரியரா?"

"வேளாண்மை. நெல்லுல வர்ற பூச்சி. எங்க கட்டடத்துல தண்ணி நின்னுபோச்சு, அதான் இங்க..."

"பேராசிரியர்தானே? வாங்க."

"எனக்கு ஜெர்மன் தெரியாதும்மா."

"அது ஆணைல கேக்கல," என்றாள் எர்மெலிந்தா, அவர் முழங்கையைப் பிடித்தபடி.

இப்படியாக அந்த வேளாண் இன்ஜினியர் பெனீத்தெஸ் மேசையில் உட்கார்ந்தார். மேசை கூடியது. சுனில்தாவின் பெயர் முதலில் கூப்பிடப்பட்டது.

உள்ளே சுவரில் ஒரு பெரிய ஐரோப்பிய வரைபடம். நடுவில் துறைத் தலைவர் டாக்டர் லெயோபோல்தோ இன்சௌரால்தே. அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார். இடப்பக்கம் டாக்டர் ப்ரீஹிதா கெல்லர், விசிறிக்கொண்டிருந்தாள். அவள் கற்பிப்பது ஃப்ரெஞ்சு. அவளுடைய குடும்பப் பெயர் ஜெர்மன் பெயர் என்பதால் வருடா வருடம் அவளை ஜெர்மன் மேசையில் போட்டுவந்தார்கள். அவள் வருடா வருடம் எதிர்ப்புத் தெரிவித்துவந்தாள்.

"எழுதிக்குங்க," என்றாள் கெல்லர். "இந்த வருஷமும் நான் எதிர்ப்பு தெரிவிக்கறேன். பேரு எங்க கொள்ளுத்தாத்தாவோடது. எனக்கு அந்த மொழில தும்மக்கூடத் தெரியாது."

"பேரு போதும் டாக்டர்," என்றார் இன்சௌரால்தே அன்பாக. பிறகு சுனில்தாவைப் பார்த்தார். "உக்காரு மகளே. பதற்றப்படாதே. நான் முப்பது வருஷமா இந்த ஊர்ல ஜெர்மனைப் பாதுகாத்துட்டு வரேன். ஒரு மொழியைப் பேசிப் பேசித் தேய விடறது சுலபம். எந்தத் தெருவுல வேணா பாக்கலாம். நான் அதை அலமாரில வெச்ச பீங்கான் மாதிரி வெச்சிருக்கேன். ஒரு கீறல் கிடையாது. பந்தை எடு."

மேசைமேல் பந்துக்கூண்டு இருந்தது. கம்பியால் செய்த உருளை, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, உள்ளே எண் எழுதிய மரப்பந்துகள். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு பந்து வெளியே விழும். விழுந்த எண்ணுக்குரிய பாடத்தைப் பற்றி மாணவர் பேச வேண்டும். சுனில்தா பன்னிரண்டு பாடத்தையும் முறையாக நிறக்கோடு போட்டுப் படித்திருந்தாள். தெரிந்தது பச்சை, தெரியாதது சிவப்பு, தெரியும் என்று நினைப்பது மஞ்சள். அவள் தாள்கள் பெரும்பாலும் மஞ்சள்.

சுற்றினாள். பந்து விழுந்து உருண்டு அவள் உள்ளங்கையில் நின்றது.

பதினான்கு.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் பதினான்கு. தான்தான் தவறாகப் படிக்கிறோம் என்று முதலில் நினைத்தாள். அவள் சுபாவம் அது.

"சொல்லும்மா," என்றார் இன்சௌரால்தே.

"பதினாலு, டாக்டர்."

"பதினாலு," என்று அவர் எழுதினார். எழுதிய பிறகு பேனா நின்றது.

கெல்லர் விசிறுவதை நிறுத்தினாள். "நம்ம பாடத்திட்டத்துல பன்னெண்டுதானே இருக்கு?"

எர்மெலிந்தா வாசலிலிருந்து பதில் சொன்னாள். "நம்ம கூண்டோட கைப்பிடி உடைஞ்சு ரிப்பேருக்குப் போயிருக்கு டாக்டர். இது சட்டத் துறைலேருந்து கடன் வாங்கினது. அவங்களுக்குப் பதினெட்டுப் பாடம்."

"அப்ப பந்தைத் திரும்பப் போடச் சொல்லுங்க," என்றாள் கெல்லர். "வேற எடுக்கட்டும்."

சுனில்தா பந்தைக் கூண்டுக்குள் போடக் கையைத் தூக்கினாள்.

"அசையாதே மகளே!" இன்சௌரால்தே எழுந்தே விட்டார். முகம் வெளுத்திருந்தது. "டாக்டர் கெல்லர், கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. இந்தத் துறை ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு பந்துகூடக் கூண்டுக்குத் திரும்பப் போனதில்ல. விழுந்தா விழுந்ததுதான். இன்னிக்கு இந்தப் பொண்ணுக்காக ஒண்ணைத் திரும்பப் போட்டோம்னா, ஏழாம் பந்துல தோத்தவன் எல்லாம் நாளைக்கு வாசல்ல நிப்பான். நானே என் காலத்துல மூணாம் பந்து எடுத்தேன். மூணாம் பாடம் ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சிருந்தது. அந்தப் பந்தாலதான் இந்த நாற்காலில உக்காந்திருக்கேன். பந்தைச் சந்தேகப்படறது என்னைச் சந்தேகப்படற மாதிரி."

"இல்லாத பாடத்துல எப்படிப் பரீட்சை வெக்கறது?"

"எண் இருக்கு. எண் இருந்தா பாடம் இருக்கணும். எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறது மாணவியோட வேலை. பல்கலைக்கழகம்னா அதானே?"

இன்ஜினியர் பெனீத்தெஸ் தொண்டையைச் செருமினார். "எங்க பக்கம் ஒரு வயல்ல பூச்சி இல்லேன்னா, இல்லேன்னு எழுதிட்டுப் போயிருவோம்."

"இது கலைப் புலம், இன்ஜினியர்," என்றார் இன்சௌரால்தே. "மகளே, பந்தை மேசைல வை. செபக்கூடத்துக்குப் போ."

பந்து எடுத்த மாணவர், பேசும் முன் தனியாக உட்கார்ந்து யோசிக்கும் அறைக்கு அங்கே செபக்கூடம் என்று பெயர். உள்ளே சிலுவை இல்லை. துடைப்பங்கள் இருந்தன, உடைந்த மின்விசிறி ஒன்று இருந்தது, வாகன நிறுத்தத்தைப் பார்த்த ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. செபக்கூடத்திலிருந்து கூப்பிடாமல் வெளியே வந்தால் தேர்வு ரத்து. ஜன்னல் வழியே யாரோடாவது பேசினாலும் ரத்து. எர்மெலிந்தா இதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சுனில்தா கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள். பென்சிலை எடுத்தாள். 'பாடம் 14' என்று தலைப்பு எழுதி அடிக்கோடு இட்டாள். அதற்குக் கீழே எழுத ஒன்றும் இல்லை.

அப்படி ஒரு பாடமே இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், பாடம் தெரியாத மாணவி என்று நான்குக்குக் கீழே போடுவார்கள். பத்துக்கு நான்கு எடுத்தால்தான் தேர்ச்சி. தெரியும் என்று சொல்லிப் பேசலாம். பேசி மாட்டிக்கொண்டால் பொய் சொன்ன மாணவி. பொய் சொன்னதற்கு எத்தனை மதிப்பெண் குறைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னொரு யோசனையும் வந்தது: ஒருவேளை பதினான்காம் பாடம் நிஜமாகவே இருந்து, தான் மட்டும் அந்த வகுப்புக்குப் போகாமல் இருந்துவிட்டோமோ?

தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. திருவிழாக் காலம். பொழுது சாயும்போது ஊர்வலக் குழுக்கள் இறகும் மணியும் கட்டிக்கொண்டு கிளம்பும். ஊரே நதிக்கரைப் பக்கம் போகும்.

ஜன்னலுக்குக் கீழே ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் மேளக்காரர்கள். ஒருவன் கத்தினான். "பெனீத்தெஸ்! வாடா சமீகோ, தோழா, ராஜா இல்லாம ஊர்வலம் எப்படிப் போகும்?"

இன்ஜினியர் பெனீத்தெஸ் கட்டடத்திலிருந்து வெளியே ஓடி வந்தார். வண்டியில் ஏறினார். யாரோ அவர் தலையில் நீல இறகுக் கிரீடம் ஒன்றை வைத்தார்கள். ஆள் உயரத்துக்கு இருந்தது.

சுனில்தா எழுந்துவிட்டாள். மூன்றில் ஒரு கையெழுத்து கிரீடம் வைத்துக்கொண்டு போகிறது. கூப்பிட வாய் திறந்தாள். கூப்பிட்டால் தேர்வு ரத்து. கூப்பிடாவிட்டால் தேர்வு செல்லாது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இறகுகள் வாசல் வளைவில் உரசிக் குனிந்து, நிமிர்ந்து, தெருவில் மறைந்தன.

கதவு திறந்தது. "வா," என்றாள் எர்மெலிந்தா.

இன்ஜினியரின் நாற்காலியில் அவருடைய வைக்கோல் தொப்பி வைக்கப்பட்டிருந்தது.

"இன்ஜினியர் சற்றே வெளில போயிருக்காரு," என்றார் இன்சௌரால்தே. "தொப்பி இருக்கு. கேட்டுக்கறதுக்கு அது போதும். பேசு மகளே. ஸ்பானிஷ்ல."

சுனில்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். காகிதத்தில் தலைப்பும் அடிக்கோடும் மட்டும் இருந்தன. திங்கட்கிழமை என்ற வார்த்தை மனதில் வந்தது. அவள் வாயைத் திறந்தாள். வேறு யாரோ பேசுவது போல் அவளுக்கே கேட்டது.

"பன்னிரண்டாம் பாடத்தோட எல்லாம் முடிஞ்சுதுன்னு பலபேர் நினைக்கறாங்க," என்றாள். "ஆனா பதினாலாம் பாடம் இல்லாம பன்னிரண்டாம் பாடத்தைச் சரியாப் புரிஞ்சுக்க முடியாது."

இன்சௌரால்தே மெதுவாக முன்னால் சாய்ந்தார். "அதைத்தான் நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன்."

"பதினாலாம் பாடத்தை ஒரு விஷயமாப் பாக்கறது தப்பு. அது ஒரு பார்வை."

"பார்வை," என்று அவர் எழுதிக்கொண்டார்.

"அது முதல்ல வெளில தெரியாம இருந்தது. இப்பவும் பல இடத்துல தெரியாமத்தான் இருக்கு. அதனோட முக்கியத்துவமே அதுதான்."

"பதிமூணாம் பாடம்?" என்றாள் கெல்லர், கண்ணைச் சுருக்கி.

சுனில்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பதிமூணு இன்னும் ஆய்வுல இருக்கு, டாக்டர்."

"இருக்கு, இருக்கு," என்றார் இன்சௌரால்தே ஆர்வமாக. "நானே அதுல கொஞ்சம் வேலை பண்ணிருக்கேன். மேற்கோள் நூல்?"

"உங்க கட்டுரைத் தொகுப்பு, டாக்டர்."

அவர் கண்கள் ஈரமாயின. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "முப்பது வருஷத்துல பதினாலாம் பாடத்தை இவ்வளவு தெளிவாப் பேசி நான் கேட்டதே இல்ல. அடுத்த வருஷத்துலேருந்து இது கட்டாயப் பாடம். என் ஓட்டு பத்து."

"என் ஓட்டு ஒண்ணு," என்றாள் கெல்லர்.

"ஏன் டாக்டர்?"

"பொண்ணு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நல்லாத்தான் பேசினா. பந்தைத் திரும்பப் போடச் சொன்னேன், போடல. எனக்குன்னு ஒரு நிலைப்பாடு இருக்கு."

சாதகம் ஒன்று, பாதகம் ஒன்று. இரண்டு பேரும் தொப்பியைப் பார்த்தார்கள். சுனில்தாவும் பார்த்தாள்.

"தொப்பி கேக்கலாம்," என்றாள் எர்மெலிந்தா. "கையெழுத்துப் போட முடியாது." அவள் ஆணைப் புத்தகத்தை விரித்தாள். "மூணாவது ஆள் நடுவுல போயிட்டா, கட்டடத்துல இருக்கற, இதே துறைல பட்டம் வாங்கின யார் வேணா அந்த இடத்துல உக்காரலாம்."

"யார் இருக்கா கட்டடத்துல?" என்றார் இன்சௌரால்தே.

"யாரும் இல்ல. எல்லாரும் ஊர்வலம் பாக்கப் போயிட்டாங்க. நடைபாதைல அந்தப் போலீஸ்காரன், இங்க இந்தப் பொண்ணு. ரெண்டு பேரும் பட்டம் வாங்காதவங்க."

வெளியே மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருட மாலைகள் ஒரு கூடை இறகோடு போய்விட்டன என்று சுனில்தாவுக்குத் தோன்றியது. அழுகை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இன்சௌரால்தே கண்ணை மூடி யோசித்தார். பிறகு விரலைத் தூக்கினார்.

"இந்தப் பொண்ணுக்கு மத்த பரீட்சை எல்லாம் முடிஞ்சாச்சு. இதுல தேறினா இன்னிக்குத் தேதில பட்டதாரி. சரியா? தேதிங்கறது முழு நாளுக்கும் சேர்த்துத்தான். அப்ப, தேறினான்னா, காலைலேருந்தே பட்டதாரி."

"தேறலேன்னா?" என்றாள் கெல்லர்.

"தேறலேன்னா அவ பட்டதாரி இல்ல. அப்ப மூணாவது ஆளா அவ உக்காந்தது செல்லாது. மேசை செல்லாது. தேர்வு செல்லாது. நடக்காத தேர்வுல ஒருத்தி எப்படித் தோக்க முடியும்? ஆகவே அவ தோக்கணும்னாலும் முதல்ல தேறியாகணும்." அவர் கையை விரித்தார். "தொப்பியை எடுங்க, தொன்யா."

தொப்பி எடுக்கப்பட்டது. சுனில்தா மேசையைச் சுற்றிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இருக்கையில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. எதிரே அவள் இப்போதுதான் எழுந்து வந்த நாற்காலி காலியாக இருந்தது.

"மூணாவது ஆள் குறைஞ்சது ஒரு கேள்வியாவது கேட்டாகணும்," என்றாள் எர்மெலிந்தா, புத்தகத்திலிருந்து தலை தூக்காமல். "கேக்காம ஓட்டுப் போட்டா செல்லாது."

"கேளுங்க, சக பேராசிரியரே," என்றார் இன்சௌரால்தே.

பதினான்காம் பாடத்தைப் பற்றிக் கேட்கலாம். எதைக் கேட்டாலும் பதில் சொல்ல முடியும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. பத்து போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் பஸ் பிடிக்கலாம். ஆனால் காலி நாற்காலியைப் பார்த்தபோது, பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டு போகும் ஒருத்தி அதில் உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது. ஆறு வருடமாக அவளிடம் யாரும் கேட்காத ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

சுனில்தா ஜெர்மனில் கேட்டாள். "திங்கட்கிழமை ஒரு குழந்தை அழுதுகொண்டே வகுப்புக்குள் வந்து உங்களிடம் ஏதோ சொல்கிறது. அது சொல்வது உங்களுக்குப் புரியுமா?"

கெல்லர் விசிறியை மூடினாள்.

சுனில்தா எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெர்மனில் பதில் சொன்னாள். வார்த்தைகள் தயங்கித் தயங்கி வந்தன. ஒரு இடத்தில் நின்று, பின்னால் போய், திருத்திக்கொண்டு வந்தாள். "மெதுவாகச் சொன்னால் புரியும். அழுதுகொண்டே சொன்னால் பாதி புரியும். மீதியை மறுபடி கேட்பேன். கேட்க எனக்கு வெட்கமில்லை."

பிறகு எழுந்து மறுபடியும் இந்தப் பக்கம் வந்தாள்.

"என்ன கேட்ட? என்ன சொன்ன?" என்றாள் கெல்லர் தாழ்ந்த குரலில். "டாக்டர், என்ன சொல்றா?"

இன்சௌரால்தே கோட்டுப் பொத்தானைத் தொட்டுக்கொண்டார். அவர் காதுகள் சிவந்திருந்தன. "அது பேச்சு ஜெர்மன்," என்றார். "தெருவுல பேசறது. நான் அதை ஊக்கப்படுத்தறதில்ல. மதிப்பெண்ணைச் சொல்லுங்க, சக பேராசிரியரே."

சுனில்தா யோசித்தாள். ஒரு வேற்றுமையைத் தவறவிட்டிருந்தாள். ஒரு வினைச்சொல் தாமதமாக வந்தது. ஆனால் கேள்வி புரிந்தது, பதில் புரியும்படி இருந்தது.

"ஆறு," என்றாள்.

"ஆறா? நான் பத்து போட்டேனே."

"ஆறுதான், டாக்டர்."

"கறார்," என்றாள் கெல்லர், முதல் முறையாகக் கொஞ்சம் மரியாதையோடு. "இவ தேறிடுவா இந்த இடத்துல."

எர்மெலிந்தா கணக்குப் போட்டு, இரண்டு ஓட்டு சாதகம், தேர்ச்சி என்று எழுதினாள். சுனில்தா கையெழுத்துப் போட்டாள். கெல்லர் 'எதிர்ப்புடன்' என்று குறிப்பிட்டுப் போட்டாள். மூன்றாவது இடம் தலைவருக்கு. சுனில்தா பையை எடுத்தாள்.

"எங்க கிளம்பற?" என்றார் இன்சௌரால்தே.

"தேர்வு முடிஞ்சுதே, டாக்டர்."

"உன் தேர்வு முடிஞ்சது. மேசை முடியல. தலைவர் கையெழுத்து மேசை கலையும்போதுதான். வெளில இன்னொருத்தன் இருக்கான். நீ போயிட்டா மேசைல ரெண்டு பேர்தான். கூண்டுல இனி பன்னெண்டுக்கு மேல இருக்கற பந்தை எல்லாம் எடுத்துடுங்க, தொன்யா. அந்தப் பதினாலு மட்டும் மேசைலயே இருக்கட்டும். உக்காருங்க, சக பேராசிரியரே."

அவள் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஃபவுஸ்தோ உள்ளே வந்தான். சீருடைச் சட்டைக்கு மேல் டை கட்டியிருந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் சுனில்தாவைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பிறகு, காவல் துறையில் பழகிய ஒருவன் எதையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வது போல, விறைப்பாக நாற்காலியில் உட்கார்ந்து, கூண்டைச் சுற்றினான். நான்கு. அவன் முகம் மலர்ந்தது. செபக்கூடம் வேண்டாம் என்றான். ஒரு மூச்சில், தடங்கல் இல்லாமல், ரோந்து வண்டியின் வேகத்தில் நான்காம் பாடத்தை முடித்தான். இன்சௌரால்தே தலையாட்டிக்கொண்டே இருந்தார். கெல்லர் ஏழு என்றாள்.

"மூணாவது ஆள்," என்றாள் எர்மெலிந்தா. "ஒரு கேள்வி."

சுனில்தா ஃபவுஸ்தோவைப் பார்த்தாள். நல்லவன். ஆறு வருடம் பக்கத்து நாற்காலி. அவனும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போவான். ஏதோ ஒரு குழந்தை அவனிடமும் அழுதுகொண்டு வரும். அவள் மென்மையாக, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் தனியாக வைத்து, ஜெர்மனில் கேட்டாள். "எப்படி இருக்கிறாய்?"

ஃபவுஸ்தோவின் உதடு அசைந்தது. அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வந்தது. அவன் சுனில்தாவை விட்டுத் தலைவரைப் பார்த்தான்.

"டாக்டர்," என்றான், நியாயம் கேட்கும் குரலில், "இது பாடத்திட்டத்துல இல்லையே."

இன்சௌரால்தே பேனாவின் மூடியைக் கழற்றினார். அவர் முன்னால் இரண்டு மதிப்பெண் தாள்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன, சுனில்தாவுடையது மேலே. பேனா முனை அவள் பெயருக்குக் கீழே, காகிதத்தைத் தொடாமல் நின்றது.

"சக பேராசிரியர் அந்தக் கேள்வியை வெச்சுக்கறாங்களா," என்று அவர் எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டார், "இல்ல, வாபஸ் வாங்கறாங்களா? அதைப் பொறுத்துத்தான் மேசை எப்படிக் கலையும்னு சொல்ல முடியும்."

மேளம் இப்போது கட்டடத்தைக் கடந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுனில்தா பேனா முனையைப் பார்த்தாள். அதன் நுனியில் ஒரு துளி மை திரண்டு, விழாமல் தொங்கியது.

"வாபஸ் வாங்கிக்கறேன், டாக்டர்," என்றாள், தெளிவான ஸ்பானிஷில்.

பேனா இரண்டு தாளிலும் ஓடியது. ஃபவுஸ்தோ மூச்சு விட்டான். எழுந்து, குதிகால்களைச் சேர்த்து நின்று, அவளுக்குத் தலை வணங்கினான்.

"ரொம்ப நன்றி, பேராசிரியை," என்றான். அவன் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.